முற்றம் இல்லாத பள்ளிவாசல்

பள்ளிவாசல் என்றவுடன் குவிமாடம் ஒன்று நம் மனக்கண்முன் தோன்றும். கோலாலம்பூரில் 1909இல் திறக்கப்பெற்ற ஜாமே பள்ளிவாசலுக்குக் குவிமாடங்கள் மூன்று. கூரை முழுவதும் குவிமாடங்கள் நிரம்பிய பள்ளிவாசல் ஒன்று கருநாடகத்துக் குல்பர்காக் கோட்டையினுள் உள்ளது. 2014 முதல் அந்நகரின் பெயர் கலபுரகி. எனினும் வரலாற்று நூல்களில் பயின்ற பழைய பெயரையே ஈண்டு ஆளுவோம்.

முகம்மது பின் துக்ளக்கின் ஆட்சியிலிருந்து பிரிந்த தக்காணத்து அதிகாரிகள் 1347இல் பாமினி அரசை நிறுவினர். குல்பர்கா அதன் தலைநகராயிற்று. அவ்வரசின் இரண்டாம் மன்னர் முதலாம் முகம்மது ஷா காலத்தில், ஹிஜ்ரி 769இல், அதாவது 1367இல், இப்பள்ளிவாசல் எழுந்ததென்று கல்வெட்டால் அறிகிறோம். ஈரான் நாட்டுக் காஸ்வின் ஊரினரான ஷம்சின் மகன் ரபி என்று கட்டியவர் பெயரும் அதில் உண்டு. நம் பெருங்கோயில்கள் பலவற்றைச் சமைத்த சிற்பியரின் பெயர் தெரியாமல் வருந்தும் நமக்கு இது பொறாமையூட்டும் செய்தியே!

இந்தியப் பெரும் பள்ளிவாசல்களில் நடுவே திறந்த முற்றம் இருத்தல் பெருவழக்கு. இங்கோ முற்றமே இல்லை. கிழக்கு மேற்காக 216 அடி, வடக்குத் தெற்காக 176 அடி. ஆக 38,016 சதுர அடியும் ஒரே கூரையின் கீழ் அடங்கும். இவ்வளவு பரப்பை மூடினால் உள்ளே இருள் சூழாதா என்று மாணவன் கேட்பான். அதற்கு விடை சுவர்களில் இருக்கிறது. கிழக்கு, வடக்கு, தெற்கு ஆகிய மூன்று பக்கங்களும் பெரிய வளைவுகளாகத் திறந்து ஒளியையும் காற்றையும் உள்ளே விடுகின்றன. மேற்குச் சுவர் மட்டும் மூடியது. தொழுகைத் திசை காட்டும் மிஹ்ராப் மாடம் அதில் அமைந்துள்ளது.

நம் மண்டபங்களில் தூணுக்குத் தூண் கல் உத்தரம் கிடக்கும். உத்தரக்கல்லின் நீளத்துக்கு மேல் தூண்களை விலக்க இயலாது. ரபி கொண்ட முறை வேறு. தரையைச் சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொரு சதுரத்தின் மூலைகளிலும் தூண் நிறுத்தி, வளைவுகளால் இணைத்து, மேலே ஒரு சிறு குவிமாடம் கவித்தார். இத்தகைய சிறு குவிமாடங்கள் அறுபதுக்கு மேல். மூலைகள் நான்கிலும் சற்றே பெரியவை நான்கு. மிஹ்ராபின் முன்னே, சாளரங்களுடைய சதுர மேடைமீது பெருங்குவிமாடம் ஓங்கி நிற்கிறது. பக்கத் தாழ்வாரங்களின் வளைவுகளே எல்லாவற்றினும் வியப்புக்குரியன. குட்டையான தூண்களிலிருந்து எழுந்து மிக அகன்று விரிகின்றன. அவற்றின் கீழ் நிற்பவர்க்குத் தூண்கள் தரையில் புதைந்துவிட்டனவோ என்ற ஐயமே எழும்.

இக்கட்டடம் தொடக்கத்தில் பள்ளிவாசல்தானா என்ற வினாவும் எழுந்துள்ளது. இது பிரோஸ் ஷா பாமினியின் (1397–1422) ‘ஹஸார் சுதூன்’ என்னும் அரச மண்டபம் என்பது ஹெலன் ஃபிலோன் என்னும் ஆய்வாளரின் கருத்து. ஹஸார் சுதூன் என்றால் ஆயிரம் தூண்; நம் வழக்கில் ஆயிரங்கால் மண்டபம்! தில்லியில் துக்ளக்குக்கு அப்பெயரில் மரத்தூண் மண்டபம் ஒன்று இருந்ததை இபன் பதூதா எழுதியுள்ளார். பெயரைக் கொண்டு தூண்களை எண்ணத் தொடங்க வேண்டா. மதுரை ஆயிரங்கால் மண்டபத்திலும் தூண்கள் 985தான்.

முற்றம் இல்லாமையும் முப்புறமும் திறந்திருத்தலும் கோட்டைக்குள் அமைந்தமையும் அக்கருத்துக்கு இடந்தருவன. ஆயினும் முற்றம் இல்லாமை ஒன்றே போதிய சான்றாகாது. தில்லியில் பதினான்காம் நூற்றாண்டுக் கிர்கி பள்ளிவாசல், நான்கு சிறு முற்றங்கள் நீங்கலாக, முற்றும் மூடியதே. அதற்குச் சிறு குவிமாடங்கள் 81. வங்கத்து பாகர்ஹாட்டில், 1459இல் மறைந்த கான் ஜஹான் எழுப்பிய ‘அறுபது குவிமாடப் பள்ளிவாசல்’ கூரையில், வரிசைக்கு 11ஆக ஏழு வரிசையில் 77 உள்ளன. அறுபது என்பது தூண்களின் தொகை. அதன் கூடத்திலும் முற்றத்துக்கு இடமில்லை. எனவே கல்வெட்டின் ஆண்டையும் மேற்குச் சுவரின் மாடத்தையும் விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

எதுவாயினும், பிற்காலத் தக்காணம் இவ்வமைப்பைப் பின்பற்றவில்லை. பீஜப்பூரில் ஆதில்ஷாகியர் கட்டிய பெரும் பள்ளிவாசலில் முற்றம் திரும்பி வந்துவிட்டது. தமிழகம் செல்லும் நம் ஆசிரியர்கள் சென்னையிலிருந்து மும்பை இரயிலேறினால் வழியில் குல்பர்கா நிலையம் வரும். கோட்டைக்குப் போகிறவர்கள் பக்கத் தாழ்வாரத்தின் ஒரு கோடியில் நின்று மறுகோடி வரை வளைவுகளைப் பார்க்க வேண்டும்.