கேப்டன் லட்சுமியும் நம் தோட்டத்துப் பெண்களும்

யுத்தத்திற்குப் பிந்திய ஆண்டுகளில் நம் மக்கள் பலருடைய வீடுகளில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அவர்களின் படம் தொங்கியதை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தோட்டத்து லயங்களிலும் பட்டணத்துச் சில்லறைக் கடைகளிலும், சாமி படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து அதை மாட்டி வைத்தனர். அவருக்கு அருகே காற்சட்டையும் தொப்பியும் தரித்து, பெண்களின் அணிவகுப்பைப் பார்வையிட்டு நடந்துவரும் ஓர் இளநங்கையின் தோற்றமும் சில படங்களில் உண்டு. அவரே கேப்டன் லட்சுமி. அவ்வம்மையார் 1914ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் பிறந்து, 2012ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், தமது 97ஆம் வயதில் காலமானார். இவ்வளவு நீண்ட வாழ்வில் அவர் பட்டாள உடுப்பு அணிந்திருந்த காலம் இரண்டாண்டுக்கும் குறைவு. ஆயினும் உலகம் அவரை அந்த உடுப்போடேயே நிறுத்திவிட்டது. அதனால் மறைந்துபோனவை அவருடைய மற்ற ஆண்டுகள் மட்டுமல்ல. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்களும் மறைந்து போயினர். அவர்களிற் பெரும்பாலோர் நம் மலாயாத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஆகவே இவ்வரலாற்றை நாம் நம் கண்கொண்டே பார்த்தல் வேண்டும்.

அம்மையார் சென்னையில் பிறந்தார். தந்தையார் சுவாமிநாதன் சென்னை உயர் நீதிமன்றத்தில் பேர் பெற்ற வழக்கறிஞர், பிராமணர். தாயார் அம்மு, மலையாள நாட்டில் ஆனக்கரை என்னும் ஊரில் பிறந்த நாயர் குலத்துப் பெண்மணி. அந்நாளில் ஜாதிக் கட்டைக் கடந்து நடந்த திருமணம் அது. இத்தாயாரே பிற்காலத்தில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக அமர்ந்தவர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் திண்டுக்கல் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குச் சென்றவர். லட்சுமி சிறுமியாயிருந்தபோது நடந்த ஒரு சம்பவத்தை ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். பாட்டியார் வீட்டைச் சுற்றிய காட்டுப் பகுதியில் மலைவாழ் மக்கள் இருந்தனர். அவர்களைத் தொட்டாலும் தீட்டு, அவர்கள் நிழல் பட்டாலும் தீட்டு. ஒருநாள் அக்குலத்துச் சிறுமி ஒருத்தியின் கையைப் பிடித்து விளையாட அழைத்துச் சென்றுவிட்டாள் லட்சுமி. பாட்டியார் கொதித்தெழுந்தார். பேத்திக்கோ அதில் வருத்தம் சிறிதும் இல்லை. பிற்காலத்தில் இவர் தொட்டுப் பார்த்த நோயாளிகளின் கணக்கை எண்ணும்போது, அந்த முதற் கையை நாம் நினைத்துக்கொள்வதுண்டு.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1938ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். மகப்பேறு மருத்துவத்தில் மேலும் பயிற்சி பெற்றார். விமானி ஒருவரை மணந்து, அம்மணவாழ்வு ஒத்துவராமற்போக, 1940ஆம் ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். புருஷனை விட்டுப் பிரிந்த பெண்ணை நம் சமூகம் எவ்வாறு பேசும் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பிழைக்க வந்த இந்தியத் தொழிலாளருக்கென ஒரு மருத்துவ விடுதி நடத்தினார். கப்பலில் வந்து இறங்கிய ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்ப்பதே அவருடைய முதல் தொழில். துப்பாக்கி பின்னரே வந்தது.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. காயமுற்ற யுத்தக் கைதிகளுக்கு அம்மையார் சிகிச்சை செய்தார். இந்திய சுதந்திரச் சங்கத்தாரோடும் தொடர்பு கொண்டார். 1943ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் சுபாஷ் பாபு சிங்கப்பூர் வந்தார். 9ஆம் நாள் பாடாங் திடலில் கூடிய பெருங்கூட்டத்தில் பெண்களுக்கென ஒரு படை வேண்டுமென்று அறிவித்தார். மூன்று நாள் கழித்து மாதர் கூட்டம் நடந்தது. அக்கூட்டத்தில் தலைவருக்குத் துப்பாக்கி ஏந்திய பெண்களைக்கொண்டே மரியாதை அணிவகுப்பு அளிக்கவேண்டுமென்று லட்சுமி துணிந்தார். துப்பாக்கியைத் தொட்டும் பார்த்திராத இருபது பேரைச் சிரமப்பட்டுத் திரட்டிப் பழக்கினார். அதன் பின் போஸ் அவரை அழைத்து நெடுநேரம் பேசினார். அம்மையார் மருத்துவ விடுதியை விட்டுவிட்டுப் படையில் சேர்ந்தார். அக்டோபர் 21ஆம் நாள் கத்தே மண்டபத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக சர்க்கார் பிரகடனம் செய்யப்பட்டபோது, அந்த மந்திரிசபையில் இடம் பெற்ற ஒரே பெண் அவர். மறுநாள் வாட்டர்லூ வீதியில் ஜான்சிராணிப் படையின் பயிற்சிப் பாசறை திறக்கப்பட்டது.

நிற்க. இப்படையில் சேர்ந்தோர் யாவர்? ஒருசிலர் படித்த குடும்பத்துப் பெண்கள். பட்டணத்து வியாபாரிகள், உத்தியோகஸ்தர்கள் வீட்டுப் பிள்ளைகள். இவர்களே அதிகாரிகளாயினர், பின்னர் எழுதினர், பேசினர், பேட்டியளித்தனர். மற்றவர்கள் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்கள், புல் வெட்டியவர்கள். பலருக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. படையின் மொத்தத் தொகை ஆயிரத்துக்கு மேல் என்பாரும் உளர். ஐந்நூறும் இராது என்று ஆராய்ந்து கூறுவாரும் உளர்.

இப்பெண்கள் ஏன் சேர்ந்தனர் என்ற கேள்விக்குத் தேசபக்தி என்ற ஒரே சொல்லால் விடையளித்து விடுவது வழக்கம். தேசபக்தி இல்லையென்று நாம் கூறவில்லை. ஆனால் இவர்களில் அநேகர் இந்தியாவைக் கண்ணாற் கண்டதேயில்லை, மலாயாவிலேயே பிறந்தவர்கள். அவர்கள் கண்டது தோட்டத்தை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளை நேயர்கள் நினைவு கூர்க. கூலி உயர்வு மாத்திரமா கேட்டார்கள்? கள்ளுக்கடையை மூடுக என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிக என்றார்கள். துரைமாரும் கிராணிமாரும் தொழிலாளர் வீட்டுப் பெண்கள்மேல் கை வைப்பது நிற்கவேண்டும் என்றார்கள். சர்க்கார் பட்டாளத்தை அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். இரண்டு ஆண்டு கழித்து அதே தோட்டங்களில், ‘உன்னைக் காத்துக்கொள்ள உன் கையில் துப்பாக்கி தருகிறோம்’ என்று ஒரு பெண் வந்து அழைத்தால் யாருடைய மனம் அசையாது?

இன்னொரு காரணமும் உண்டு; அதைச் சொல்வது கசப்பாயினும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. ஜப்பானியர் ஆட்சியில் ரப்பருக்கு வாங்குவோர் இல்லை. தோட்டங்களில் அரிசி இல்லை, துணி இல்லை. ஆடவர் பல்லாயிரவரைச் சயாம் மரண ரயில் வேலைக்குப் பிடித்துச் சென்றனர். காலராவும் பசியும் அடியும் அவர்களைத் தின்றன. அந்த இருப்புப்பாதை இருபுறமிருந்தும் வந்து இணைந்தது 1943ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். வாட்டர்லூ வீதியில் பாசறை திறக்கப்பட்டதும் அதே மாதம். மறு ஆண்டு நம் பெண்கள் பர்மாவுக்குச் சென்றதும் அந்தப் பாதை வழியேதான். தகப்பன்மாரும் அண்ணன்மாரும் கிடத்திய கட்டைகளின்மேல், சாமான் வண்டிகளில் அமர்ந்து, இந்தியாவை விடுவிக்கப் போனார்கள். சுதந்திரப் போரைப் பாடுவோர் இவ்விடத்தில் விரைந்து தாண்டிவிடுகின்றனர். தோழமை கொண்ட ஜப்பானியர் தமிழனுக்கு இழைத்த கொடுமையை அந்நாளைய தலைவர்கள் போதிய அளவு தட்டிக் கேட்டனர் என்று நம்மால் எழுத இயலவில்லை. லட்சுமி அம்மையாரையும் இக்குறையினின்று முற்றும் விலக்கிவிட முடியாது.

பாசறைக்குள் நிகழ்ந்ததோ வேறொரு புரட்சி. நீண்ட கூந்தலைப் பெண்கள் கத்தரித்துக்கொண்டனர். சேலையைக் களைந்து காற்சட்டை அணிந்தனர். நெடுந்தூரம் நடந்து பழகினர். துப்பாக்கி, ஈட்டிமுனை இவற்றில் பயிற்சி பெற்றனர். ரோமன் எழுத்தில் எழுதிய ஹிந்துஸ்தானியில் கட்டளைகளைக் கற்றனர். எந்த ஜாதி என்று கேட்காமல் ஒரே பந்தியில் உண்டனர். சொந்த ஊர்களில் ஒரு கிணற்றில் தண்ணீர் சேந்த முடியாத குலத்தார் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டது அந்நாளில் சிறிய காரியமன்று. பெண் படை வேண்டாமென்று ஜப்பானியர் முகம் சுளித்தனர். நம்மவரிலும் பெற்றோர் பலர் தடுத்தனர். அம்மையார் ஊர் ஊராகச் சென்று அவர்களோடு வாதாடினார்.

ஜான்சிராணிப் படை இம்பாலில் போரிட்டது என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. 1944ஆம் ஆண்டு ஜூலையில் இம்பால் படையெடுப்பு முறிந்தபோது பெண்கள் போர்முனையை எட்டவில்லை. ரங்கூனிலும் மேமியோவிலும் இருந்தனர். காயம்பட்டும் நோயுற்றும் திரும்பிய வீரர்களுக்கு, குண்டுவீச்சின் நடுவே, பணிவிடை செய்தனர். 1945ஆம் ஆண்டு ஏப்ரலில் ரங்கூன் கைவிடப்பட்டபோது நேதாஜியோடு ஒரு பகுதியினர் ஆறுகளைக் கடந்து, இரவு இரவாக நடந்து பாங்காக் சேர்ந்தனர். ரயிலில் திரும்பிய பெண்கள்மீது வழியில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் மாண்டனர். போரிடாத படை வெறும் காட்சிப் படைதானே என்று எள்ளி எழுதியவர்களும் இருக்கின்றனர். நடந்து பார்த்தவர்கள் அவ்வாறு எழுதமாட்டார்கள்.

அம்மையார் பர்மாவில் பிரிட்டிஷார் கையில் சிக்கி, 1946ஆம் ஆண்டு மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அப்போது செங்கோட்டை விசாரணையினால் நாடெங்கும் கொந்தளிப்பு. மக்கள் அவரைக் காண முண்டியடித்தனர். வீரமங்கை என்றனர், சக்தி என்றனர், தேவி என்றனர். நம்மிடையே இது ஒரு நோய். ஒரு பெண் நாலு பேருக்கு முன் நிமிர்ந்து நின்றுவிட்டால், அவளைப் பீடத்தில் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, அவள் சொல்வதைக் கேளாமல் வீடு திரும்புகிறோம். மேற்பதவி பெற்ற பின்னரும் ‘கேப்டன்’ என்ற பட்டமே அவருக்கு நிலைத்துவிட்டது. படம் ஒன்று, பட்டம் ஒன்று. அதற்குமேல் மக்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

அவர் செய்ததோ மிக அதிகம். 1947ஆம் ஆண்டு மார்ச்சில், செங்கோட்டையில் குற்றஞ்சாட்டப்பட்ட மூவரில் ஒருவரான பிரேம் குமார் சாகலை லாகூரில் மணந்து கான்பூரில் குடியேறினார். பிரிவினையால் ஓடிவந்த அகதிகளுக்கு மருத்துவம் செய்தார். அந்நகரின் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பெண்களுக்குத் தொண்ணூறு வயது தாண்டியும் வைத்தியம் பார்த்தார். 1971ஆம் ஆண்டில் வங்காள தேசத்து அகதிகள் முகாம்களில் பணியாற்றியபின் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1981ஆம் ஆண்டு சென்னையில் அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் நிறுவப்பட்டபோது அதன் தலைவர்களில் ஒருவரானார். 1984ஆம் ஆண்டு சீக்கியர்மேல் வெறியர்கள் பாய்ந்தபோது தம் விடுதி இருந்த தெருவில் இறங்கித் தடுத்தார். அதே ஆண்டு போபாலில் நச்சுவாயு பரவியபோது மருத்துவக் குழுவோடு சென்றார்.

2002ஆம் ஆண்டு இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் இடதுசாரிக் கட்சிகள் அவரை நிறுத்தின. எதிரே நின்றவர் நம் அப்துல் கலாம். பா.ஜ.க.வும் காங்கிரசும் கலாமை ஆதரித்தன. வாக்கு மதிப்பில் கலாமுக்கு 9,22,884, அம்மையாருக்கு 1,07,366. தமிழன் வென்றான் என்று நாமெல்லாம் மகிழ்ந்தோம், மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால் தோற்ற 87 வயது மூதாட்டி சிங்கப்பூரில் நம் பாட்டிமாருக்குப் பிரசவம் பார்த்தவர் என்பதை அன்று எத்தனை பேர் எண்ணினோம்? அவர் காலமானபோது உடல் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்கு ஒப்படைக்கப்பட்டது. சிதையும் இல்லை, சமாதியும் இல்லை.

இனி அவர் அழைத்துச் சென்ற பெண்களைப் பற்றி. கோலாலம்பூர் ஜானகி, பதினெட்டு வயதில் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்துப் படையில் சேர்ந்தவர், 1946ஆம் ஆண்டு ம.இ.கா. தோன்றியபோது அதில் பங்கு கொண்டார். ஜானகி ஆதி நாகப்பனாக மேலவையிலும் அமர்ந்தார். ஈப்போவிலிருந்து சென்ற ராசம்மா, பின்னர் ராசம்மா பூபாலன், 1960ஆம் ஆண்டு ஆசிரியைகள் சங்கத்தை அமைத்து ஆணுக்கு நிகரான சம்பளம் கேட்டுப் போராடினார். இவ்விருவர் பெயரும் ஏட்டில் ஏறின. தோட்டத்துப் பெண்களோ கத்தரித்த கூந்தல் வளருமுன் மறுபடி வாளியைத் தூக்கினர். போலீசாருக்கு அஞ்சி உடுப்பை எரித்தவர்களும் புதைத்தவர்களும் உண்டு. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளம்பியபோது அங்கே நடந்த அணிநடையும் கட்டுப்பாடும் நேதாஜியின் பாசறையில் கற்றவை.

அன்று படையில் இருந்தவர்களில் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலர். ஆயினும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும் பேரரும் நம் நேயர்களிடையே இருக்கின்றனர். உங்கள் வீட்டுப் பாட்டியார் எப்போதேனும் ஹிந்துஸ்தானியில் பட்டாளக் கட்டளை சொல்லக் கேட்டிருப்பீர்களாயின், பெட்டியின் அடியில் ஒரு பழைய பித்தளைச் சின்னம் கிடந்ததாக நினைவிருப்பின், அவருடைய பெயர், தோட்டத்தின் பெயர், எந்த ஆண்டு சேர்ந்தார், எந்தப் பாசறையில் இருந்தார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி நமக்கு அனுப்புங்கள். பிழையாக எழுதினாலும் குற்றமில்லை. வந்த வரிசையிலேயே அவற்றை இப்பகுதியில் வெளியிடுவோம்.