ஆசானின்றிக் கற்கும் பொறி

மனித மூளையைப் பகுத்தறியும் முயற்சி நூறாண்டுக்கு மேற்பட்டது. 1909-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கோர்பினியன் புரோட்மன், சாயமேற்றிய மூளைச் சீவல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, உயிரணுக்களின் அடுக்கமைப்பைக் கொண்டு மூளையின் மேற்பரப்பைப் பிரித்து, 52 வரை எண்ணிட்டார். 1925-இல் வியன்னாவில் எக்கனோமோவும் கொஸ்கினாசும் அதே பரப்பில் நூற்றுக்கு மேற்பட்ட பகுதிகளைக் கண்டனர்.

ஒரே மூளைக்கு எல்லைகள் மட்டும் வேறுபடுவானேன்? சிலந்திக் குரங்கின் மூளையை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்கள் லாஷ்லியும் கிளார்க்கும், இத்தகைய எல்லைகள் பல காண்பவரின் கண்ணைச் சார்ந்தவையே என 1946-இல் குறை கூறினர்.

1973-இல் பால் லாட்டர்பர் காட்டிய வழியில், எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படமுறை வளர்ந்தது. மண்டையைத் திறவாமலே மூளையைக் காண முடிந்தது. இங்கே நுண்பகுதிகளைக் காட்டிலும் சாம்பற்பொருள், வெண்பொருள், மூளைநீர் என்னும் பெரும்பிரிவுகளே முதலில் வேண்டப்பட்டன. நோயால் மூளை எவ்வளவு சுருங்கிற்று என்பதை அளக்க இவற்றின் எல்லை தெரிய வேண்டும். ஆனால், பக்கத்திற்கு 256 புள்ளிகள் கொண்ட ஒரே படத்தில் 65,536 புள்ளிகள் உள்ளன. கையால் வரைவது நெடும்பணி. இருவர் வரைந்தால் இருவகையாகும். பழைய வழக்கு மீண்டும் எழுந்தது.

1985-இல் மைக்கேல் வானியர் குழுவினர், காட்டையும் நீரையும் வயலையும் பிரித்தறிய லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களுக்குக் கையாண்ட முறையை மூளைப் படங்களுக்குப் பயன்படுத்தினர். அதற்கு முன்பே, 1982-இல், பின்லாந்து அறிஞர் தெய்வோ கோஹோனன், தானே ஒழுங்கமையும் நரம்பு வலையை விளக்கியிருந்தார்.

அவ்வலையின் ஒவ்வோர் அலகும் சில எண்களைத் தாங்கியிருக்கும். ஒரு புள்ளியின் அளவுகள் உள்ளே வந்ததும், அவற்றோடு மிக ஒத்த அலகு வெற்றி பெறும். அதுவும் அதன் அண்டை அலகுகளும் அப்புள்ளியை நோக்கிச் சற்றே மாறும். இது பல்லாயிரம் முறை நிகழ, ஒத்தவை ஒருங்கே சேரும். ஏகலைவனுக்காவது துரோணரின் மண்ணுருவம் இருந்தது; இதற்கு அதுவும் இல்லை.

எனினும், சேர்ந்த கூட்டத்தின் பெயரை அது அறியாது. 1997-இல் மெம்பிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனை ஆய்வாளர் கோஹோனன் வலையால் மூளைப் படங்களைப் பிரித்தனர்; பின்னர் அப்பிரிவுகள் இன்னவை என அறிய, மனிதர் பயிற்றிய மற்றொரு வலையை அமர்த்தினர். அலகுகள் எத்தனை என்பதை வகுப்பவரும் மனிதரே. தொடக்க எண்கள் மாறினால் முடிவும் சற்று மாறலாம். ஒரே புள்ளியில் இருபொருள் கலந்திருந்தால் பொறி தடுமாறும். ஏறத்தாழ ஆறு மாதக் குழந்தையின் படத்தில் சாம்பற்பொருளும் வெண்பொருளும் ஒரே நிறமாகத் தோன்றுவதால், அங்கும் அது தவறக்கூடும்.

பொறிக்குக் களைப்பில்லை என்பது உண்மை. ஆயினும், களையாது வரைந்த கோடு என்பதனாலேயே அது சரியான கோடு ஆகிவிடாது. அதை உடற்கூற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் கடமை மருத்துவரிடமே உள்ளது. 1946-இல் எழுந்த வினா தீர்ந்துவிடவில்லை. நுண்ணோக்கியை விட்டுக் கணிப்பொறிக்கு இடம் மாறியிருக்கிறது.