மகிழுந்து ஒலிக்கருவிப் பொருத்தி

மகிழுந்து ஒலிக்கருவிப் பொருத்தி என்பது, கையடக்க இசை இயக்கியிலிருந்து வரும் ஒலிச் சமிக்ஞையை மகிழுந்தில் ஏற்கனவே உள்ள ஒலிக்கருவியின் வழியாகக் கேட்க உதவும் இடைக்கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது கார் அடாப்டர் எனப்படுகிறது. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் மின்னேற்றியும் இதே பெயரால் அழைக்கப்படுவதால் கடைகளில் குழப்பம் நேர்வதுண்டு.

ஐப்பாட் 2001 அக்டோபரில் அறிவிக்கப்பட்டபோது, பெரும்பாலான மகிழுந்துகளில் வானொலியும், ஒலிநாடா இயக்கி அல்லது குறுந்தகடு இயக்கியுமே இருந்தன. வெளியிலிருந்து சமிக்ஞையை ஏற்கும் துளை அரிதாகவே இருந்தது. எனவே பொருத்திகள் ஒலிக்கருவியை ஒரு வகையில் ஏமாற்ற வேண்டியிருந்தது: ஒன்று ஒலிநாடாவைப் போல நடித்தது, மற்றொன்று வானொலி நிலையத்தைப் போல நடித்தது. எதைத் தெரிவு செய்வது என்பது இசை இயக்கியை விட மகிழுந்தில் என்ன உள்ளது என்பதையே பொறுத்தது.

ஒலிநாடாப் பொருத்தி

1963 இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய காம்பாக்ட் காசெட்டில், 3.81 மிமீ அகலமுள்ள நாடா நொடிக்கு 4.76 செமீ வேகத்தில் காந்தத் தலையை உரசிச் செல்கிறது. நாடாவில் பதிந்துள்ள காந்த மாற்றங்களைத் தலையிலுள்ள கம்பிச்சுருள் மின்னழுத்தமாக மாற்றுகிறது. ஒலிநாடாப் பொருத்தி காசெட்டின் வடிவில் இருந்தாலும் அதனுள் நாடா கிடையாது. அதற்குப் பதிலாக, இயக்கியின் தலைக்கு நேர் எதிரே மற்றொரு காந்தத் தலை அமைந்துள்ளது. இசை இயக்கியிலிருந்து வரும் மின்னோட்டம் இத்தலையில் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்க, எதிர்த் தலை அதனை நாடா என்றே கொள்கிறது. ஒரு மின்மாற்றியின் இரு சுருள்களைப் போன்ற ஏற்பாடு இது. நாடாவுக்கே உரிய இரைச்சலும் வேக ஏற்றத்தாழ்வும் இதில் இல்லாததால், நல்ல பொருத்தியின் ஒலி பல வேளைகளில் உண்மையான காசெட்டை விடத் தெளிவாக இருக்கும்.

சிக்கல்கள் பெரும்பாலும் இயந்திரப் பகுதியில் எழுகின்றன. நாடாச் சுருள்கள் சுழலவில்லை எனில் இயக்கி நாடா முடிந்துவிட்டதாகக் கருதிப் பக்கத்தை மாற்றும், அல்லது பேழையை வெளியே தள்ளும். இதனைத் தவிர்க்கவே பொருத்தியினுள் பற்சக்கரங்கள் உள்ளன. மலிவான பொருத்திகளில் அவற்றின் கறகறப்பு மெல்லிய இசையின்போது கேட்கும். கம்பி வெளிவரும் பக்கம் மகிழுந்தின் துளையோடு பொருந்துகிறதா என வாங்கும் முன் பார்த்தல் நலம். டால்பி இரைச்சல் குறைப்பை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் உச்சத் தொனிகள் மங்கும். ஒலி மங்கலாகவோ ஒரு பக்கம் மட்டுமோ கேட்டால், பொருத்தியைக் குறை கூறும் முன் இயக்கியின் தலையைத் துடைத்துப் பார்க்கலாம்.

பண்பலை பரப்பி

இது ஒரு குறுவலு வானொலி நிலையம். மகிழுந்தின் வானொலியை அதே அலைவெண்ணுக்கு மாற்றினால் இசை கேட்கும். எந்த மகிழுந்திலும் இயங்கும் என்பதே இதன் பெரிய நன்மை. பண்பலை ஒலிபரப்பில் ஒலியின் மேலெல்லை 15 கிலோ ஏர்ட்சு என்பது சிறு குறையே. பெரிய குறை வேறு. ஒரே அலைவெண்ணில் இரு நிலையங்கள் வந்தால் பண்பலை ஏற்பி வலிமை மிக்கதையே பிடித்துக்கொள்கிறது. ஓர் ஊரில் வெறுமையாக இருந்த அலைவெண்ணில் அடுத்த ஊரில் உண்மையான நிலையம் ஒலிபரப்பும். அப்போது பாட்டு மறைந்து விளம்பரம் கேட்கும். வண்டியை ஓட்டியபடியே புதிய அலைவெண்ணைத் தேடுவது ஆபத்தானது. நெடுஞ்சாலைப் பயணத்துக்கு இதனைப் பரிந்துரைக்க இயலாமைக்கு இதுவே முதன்மைக் காரணம்.

வலுவைக் கூட்டவும் வழியில்லை, சட்டம் தடுக்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய கருவியின் புலவலிமை 3 மீட்டர் தொலைவில் மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட்டைத் தாண்டலாகாது. ஐக்கிய இராச்சியத்தில் 1949 ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி இவற்றின் பயன்பாடு குற்றமாக இருந்தது. 2006 டிசம்பர் 8 முதல், 50 நானோவாட் எல்லைக்குள் அனுமதிக்கப்பட்டது.

வானலை வாங்கியின் கம்பியில் நேரடியாக இணைக்கப்படும் பண்பலைப் பண்பேற்றி இதைவிட நிலையானது. இயங்கும்போது வெளி வாங்கியைத் துண்டித்துவிடுவதால் பிற நிலையங்கள் குறுக்கிடுவதில்லை. ஆனால் ஒலிக்கருவியைக் கழற்றியே பொருத்த வேண்டும்.

நேரடி இணைப்பு

ஆக்ஸ் எனப்படும் 3.5 மிமீ துளை மகிழுந்தில் இருந்தால் வேறு பொருத்தியே தேவையில்லை. இரு முனையிலும் செருகி உள்ள கம்பி போதும். காதணி முனையிலிருந்து இணைக்கும்போது இசை இயக்கியின் ஒலி அளவை முக்கால் பங்கில் நிறுத்தி, மீதியை மகிழுந்தில் சரிசெய்வது நல்லது. மிகக் குறைத்தால் இரைச்சலும் சேர்ந்து பெருகும்; முழுதும் கூட்டினால் ஒலி சிதையும். 2003 முதல் 2012 வரையான ஐப்பாட்களில் இருந்த 30 ஊசி இணைப்பு வழியே ஒலி அளவால் பாதிக்கப்படாத சமிக்ஞையைப் பெறலாம்.

மின்னேற்றிக்கொண்டே பாட்டுக் கேட்கும்போது, இயந்திரத்தின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை ஒலி எழலாம். மின்னேற்றியைக் கழற்றியவுடன் அது நின்றால் காரணம் தரையிணைப்புச் சுற்று எனக் கொள்ளலாம். சிறு மின்மாற்றிகள் கொண்ட பிரிப்பானை ஒலிக் கம்பியின் இடையே இணைத்தால் ஊளை மறையும்.

புளூடூத்

2016 இல் ஐபோன் 7 காதணித் துளையைக் கைவிட்ட பின் புளூடூத் ஏற்பிகள் பரவலாயின. இவற்றுள் ஆக்ஸ் துளையில் செருகுபவை உள்ளன, காசெட் வடிவில் அமைந்தவை உள்ளன, பண்பலை வழியே அனுப்புபவையும் உள்ளன. கடைசி வகையில் கைப்பேசியிலிருந்து வரும் கம்பி மட்டுமே நீங்கியுள்ளது. பண்பலை பரப்பியின் குறைகள் அப்படியே இருக்கின்றன. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்பட்ட புளூடூத் என்ற சொல்லை விட, கருவி மகிழுந்துக்குள் எவ்வழியே நுழைகிறது என்பதே கவனிக்கத்தக்கது.