26 வருஷம் கழிச்சுத் திறந்த ஷட்டர்: இடுக்கி, 2018

2018 ஆகஸ்ட் 9, மதியம். கேரளத்துல செறுதோணி அணையோட நடு ஷட்டரை அரை மீட்டர் தூக்கறாங்க. சும்மா ஒரு சோதனை ஓட்டம், சில மணி நேரத்துல மூடிடுவோம்னுதான் அறிவிப்பு. மூட முடியல. மறுநாள் அஞ்சு ஷட்டரும் திறந்தாச்சு.

அதுக்கு முன்னாடி இந்த ஷட்டர்கள் திறந்தது 1992ல. அதுக்கும் முன்னாடி 1981ல. அவ்வளவுதான். ஏன் இவ்வளவு அபூர்வம்?

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நாம போட்டோல பார்க்கற இடுக்கி அணை, குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவுல வில் மாதிரி வளைஞ்சு நிக்கற அந்த 168 மீட்டர் சுவர் இருக்கே, அதுல ஷட்டரே கிடையாது! நீர்த்தேக்கம் ஒண்ணு, அணை மூணு: இடுக்கி, செறுதோணி, குளமாவு. ஷட்டர் இருக்கறது செறுதோணில மட்டும்.

தினசரி தண்ணி போற வழியும் அது இல்ல. குளமாவு பக்கத்துல மலையைக் குடைஞ்சு, மூலமட்டத்துல பாறைக்குள்ள இருக்கற மின் நிலையத்துக்குத் தண்ணியை இறக்கறாங்க. 600 மீட்டருக்கும் மேல உயர வித்தியாசம். ஆறு டர்பைன், மொத்தம் 780 மெகாவாட். டர்பைனைச் சுத்திட்டு வர்ற தண்ணி தொடுபுழா வழியா மூவாற்றுப்புழா ஆத்துக்குப் போயிடும். பெரியாத்துக்குத் திரும்பி வராது.

அப்ப செறுதோணிக்குக் கீழ என்ன ஆச்சு? ஆறு கிட்டத்தட்ட காஞ்சு கிடந்தது. ஒரு தலைமுறை அங்க வெள்ளத்தையே பார்க்காம வளர்ந்தது. கரையோரம் கடை வந்தது, வீடு வந்தது. அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. 26 வருஷம் வராத தண்ணி நாளைக்கு வரும்னு யார் நினைப்பாங்க?

இப்ப அணையை நடத்தற ஆள் இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. ஷட்டர் வழியா போற தண்ணி, மின்சாரம் ஆகாம போற தண்ணி. அதாவது காசு. அதனால அணை எவ்வளவு நிறைஞ்சிருக்கோ அவ்வளவு நல்லது. ஆனா வெள்ளத்தைத் தாங்கணும்னா உள்ள காலி இடம் வேணும். ஒரே அணைகிட்ட ரெண்டையும் கேட்கறோம்.

டர்பைன் வழியாவே மெதுவா இறக்கிடலாமேன்னு தோணும். கணக்கு உதவாது. அதுல நொடிக்குப் போறது நூத்துச் சொச்சம் கன மீட்டர். தேக்கத்துல பயன்படுத்தற தண்ணி சுமார் 146 கோடி கன மீட்டர். முழு வேகத்துல ஓட்டினாலும் காலி பண்ண அஞ்சு மாசம் கிட்ட ஆகும்.

முழு மட்டம் 2403 அடி. 2018ல ஜூலை கடைசியிலேயே 2395 அடி வந்துடுச்சு. 1981, 1992 ரெண்டு முறையும் ஷட்டர் திறந்தது அக்டோபர் வாக்குல, மழைக்காலம் முடியப் போற நேரம். இந்தத் தடவை பாதி மழைக்காலம் பாக்கி இருந்தது.

ஆகஸ்ட் 14க்கு மேல அடுத்த பெருமழை. செறுதோணியில் இருந்து திறந்துவிட்டது உச்சத்துல நொடிக்கு சுமார் 1,500 கன மீட்டர். உள்ள வந்தது அதைவிட அதிகம். 15ஆம் தேதி முல்லைப்பெரியாறும் 142 அடியைத் தொட்டது. அங்க வழியற தண்ணியும் இடுக்கிக்குத்தான் வரும். இந்த விஷயத்துல தமிழ்நாடும் கேரளமும் உச்ச நீதிமன்றத்துல மோதிக்கிட்டது தனிக் கதை. கீழ செறுதோணி பாலத்து மேல தண்ணி ஓடுச்சு. ஆலுவா மூழ்கிச்சு. நெடும்பாசேரி விமான நிலையம் ரெண்டு வாரம் மூடிக் கிடந்தது. மாநிலம் முழுக்க நானூறுக்கும் மேல உயிர் போச்சு.

அப்புறம் வந்தது பெரிய சண்டை. மழைதான் காரணம், அணைகள் இல்லன்னு மத்திய நீர் ஆணையம் சொன்னது. முன்னாடியே காலி பண்ணியிருந்தாலும் வெள்ளத்தோட உச்சம் ஓரளவுதான் குறைஞ்சிருக்கும்னு ஐஐடி மெட்ராஸ் ஆய்வும் சொன்னது. கேரள உயர் நீதிமன்றத்துக்கு உதவ நியமிச்ச வழக்கறிஞரோ, அணைகளை நடத்தின விதத்தை விசாரிக்கணும்னு அறிக்கை கொடுத்தார்.

என்னைக் கேட்டா, ஆகஸ்ட் 15 ராத்திரி அணையில இருந்தவங்ககிட்ட பெருசா வேற வழியே இல்ல. கேட்க வேண்டிய கேள்வி ஜூலையைப் பத்தினது. எந்தத் தேதியில எவ்வளவு நிறைச்சு வைக்கலாம்? அதை யார், எதை வெச்சு முடிவு பண்ணாங்க?

இன்னிக்கு அதுக்கு ஒரு அட்டவணை இருக்கு. 'ரூல் கர்வ்'னு பேரு: இந்தத் தேதிக்கு இந்த மட்டம், அதைத் தாண்டினா திறக்கணும். 2021 அக்டோபர்ல 2403க்கு இன்னும் சில அடி பாக்கி இருக்கறப்பவே செறுதோணி ஷட்டரைத் திறந்தாங்க.