பழைய கணினி சொன்னதும் நாம் போட்ட “போர்மட்”டும்

நாவிதன்வெளி, மத்திய முகாம், சம்மாந்துறை, கல்முனைப் பக்க வீடுகளில் இன்றும் கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய கணினி கிடக்கும். 2000களில் வாப்பாவோ மூத்த காக்காவோ கட்டாரில், சவூதியில் உழைத்து அனுப்பிய காசில் வாங்கியது. பலர் கொழும்புக்குப் போய் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பாகம் பாகமாக எடுத்துப் பொருத்திக்கொண்டு வந்தார்கள். ஒரு நாள் “ஓன் ஆகுதில்ல” என்று சீலையைப் போட்டு மூடினோம். பிறகு யாரும் திறக்கவில்லை. இப்போது பழைய இரும்பு வாங்கும் லொறி வந்தால் அதையும் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம்.

உள்ளே கல்யாணப் படங்கள் இருக்கும். பள்ளிவாசல் சந்தாப் பட்டியல், பாமினி எழுத்துருவில் அடித்த வினாத்தாள்கள், சுனாமிக்குப் பிறகு எழுதிய விண்ணப்பங்களின் பிரதிகள் எல்லாம் இருக்கும். அந்தப் பெட்டிகளில் பல சாகவில்லை. “எனக்கு இன்னது குறைகிறது” என்று சொல்லிவிட்டு நின்றவை. சொன்ன மொழிதான் நமக்குப் புரியவில்லை. அந்த மொழி எங்கிருந்து வந்தது என்று இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

கணினிக்கு ஆதியிலிருந்தே ஒரு சிக்கல் உண்டு. தட்டில் உள்ள மென்பொருளை நினைவகத்துக்குக் கொண்டுவர இன்னொரு மென்பொருள் வேண்டும். ஆனால் கரண்ட் போட்ட அந்த நொடியில் நினைவகம் வெறுமையாக இருக்கும். சப்பாத்தின் பின்வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்குவதைப் போன்ற வேலை இது. “பூட்” என்ற சொல்லும் அந்த ஆங்கிலப் பேச்சுவழக்கிலிருந்துதான் வந்தது. இதற்குக் கண்ட வழி, அழியாத ஒரு சிறு மென்பொருளைச் சில்லு ஒன்றில் பதித்துவிடுவது. கரண்ட் வந்ததும் அது முதலில் ஓடும்.

1982இல் வெளிவந்த கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்கும்போது அது நினைவகத்தைச் சோதித்து, “38911” பைட் காலியாக உள்ளது என்று திரையில் காட்டும். அதைவிடக் குறைந்த எண் வந்தால் நினைவகச் சில்லில் பழுது என்று அர்த்தம். “எரர்” என்ற சொல்லே வராது, எண்ணைப் பார்த்து நாமே விளங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் நம் நாட்டில் வீட்டில் கணினி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். கொழும்பில் இருந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் அவர்களில் ஒருவர். கேப்ரோ கணினியிலிருந்து தொலைபேசி வழியாக அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஹயம்ஸுடன் கடிதம் பரிமாறினார். அந்தக் கடிதங்கள் பிறகு புத்தகமாகவே வந்தன.

நம் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பெட்டியின் வமிசம் வேறு. அது 1981 ஆகஸ்ட் 12இல் ஐபிஎம் வெளியிட்ட 5150 கணினியின் வழி வந்தது. அந்தக் கணினி தொடங்கும்போது ஒரு வரிசையில் தன்னைத் தானே சோதிக்கும்: முதலில் மூளையான புரொசெசர், பிறகு நினைவகத்தின் முதல் பகுதி, அடுத்து திரை, விசைப்பலகை, கடைசியில் தட்டு. இந்த வரிசை விளங்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி. திரையைச் சோதிப்பதற்கு முன்பே ஒரு பழுது வந்தால் அதை எங்கே எழுதிக் காட்டுவது? அதற்காகத்தான் “பீப்” சத்தம். ஒரு குறுகிய சத்தம் என்றால் எல்லாம் சரி. ஒரு நீண்ட சத்தமும் இரண்டு குறுகிய சத்தமும் என்றால் திரைக்குரிய அட்டையில் கோளாறு. திரை வந்த பிறகு எண்கள் வரும். 201 நினைவகம், 301 விசைப்பலகை, 601 பிளொப்பி.

ஐபிஎம் இதற்குத் தொழில்நுட்பக் கைநூலும் வெளியிட்டது. சில்லுக்குள் இருந்த மென்பொருளையே வரி வரியாக அதில் அச்சிட்டிருந்தது. ஆனால் நமக்கு வந்தது ஐபிஎம் கணினி அல்ல, அதைப் பார்த்துச் செய்தவை. சில்லில் உள்ளதை அப்படியே பிரதி எடுத்தால் வழக்கு வரும். அதனால் கொம்பெக் நிறுவனமும் பிறகு பீனிக்ஸ் நிறுவனமும் அதே வேலையைச் செய்யும் மென்பொருளைப் புதிதாக எழுதின. அவார்ட், ஏஎம்ஐ போன்றவையும் சொந்தமாக எழுதி விற்றன. சத்தங்களையும் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி வைத்தார்கள். ஏஎம்ஐயில் எட்டுச் சத்தம் என்றால் திரை நினைவகம். அவார்ட்டில் நீண்ட சத்தம் விட்டு விட்டு வந்தால் பெரும்பாலும் றாம். ஆக, கைநூலும் இல்லை, எந்த நிறுவனத்துச் சில்லு என்ற அறிவும் இல்லை. சத்தம் மட்டும் நம் வீடு வரை வந்து சேர்ந்தது.

இதில் எனக்குச் சிரிப்பு வரவழைத்த ஒன்று உண்டு. ஐபிஎம் கணினியில் தட்டு எதுவும் இல்லாவிட்டால், சில்லிலேயே பதிந்திருந்த பேசிக் மொழி ஓடத் தொடங்கும். பார்த்துச் செய்தவற்றில் அந்தச் சில்லு இல்லை. அதனால் சில ஏஎம்ஐ கணினிகள், தட்டைக் காணாவிட்டால், “நோ ரொம் பேசிக், சிஸ்டம் ஹோல்ட்டட்” என்று எழுதி நின்றன. உள்ளபடி அதன் அர்த்தம் “தொடங்குவதற்குத் தட்டு கிடைக்கவில்லை” என்பதுதான். ஆனால் தன்னிடம் ஒருபோதும் இல்லாத ஒரு பொருளைக் காணவில்லை என்று அது முறையிட்டது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கே இது விளங்காது, நமக்கு எப்படி விளங்கும்?

1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியோடு பெட்டரி வந்தது. நாள், நேரம், என்ன தட்டு பூட்டியிருக்கிறது என்பவற்றைக் கணினி அணைந்திருக்கும்போதும் நினைவில் வைப்பது அதன் வேலை. நம் காலத்துப் பெட்டிகளில் அது காசு மாதிரி வட்டமான 3 வோல்ட் பெட்டரி, சீஆர் 2032. வருடக்கணக்கில் மூடிவைத்த கணினியில் அது நிச்சயம் இறங்கியிருக்கும். “சீமொஸ் செக்சம் எரர்” என்று வரும், திகதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். எப்1ஐ அழுத்தினால் பல நேரம் தானாகத் தொடரும். பலர் அந்த வரியைப் பார்த்தவுடனேயே பயந்து அணைத்துவிட்டார்கள். எத்தனை கணினி இந்தச் சின்னப் பெட்டரிக்காகவே இரும்புக்குப் போயிருக்கும்!

உண்மையாகவே கொன்றதும் ஒன்று உண்டு. தாய்வானில் மாணவராக இருந்த சென் இங்-ஹாவ் 1998இல் எழுதிய சீஐஎச் வைரஸ், 1999 ஏப்ரல் 26இல் உலகமெங்கும் வெடித்தது. செர்னோபில் அணுவுலை விபத்தின் நினைவு நாள் அது என்பதால் அந்தப் பெயரிலும் அறியப்பட்டது. வன்தட்டின் ஆரம்பப் பகுதியை அழித்ததோடு, சில மதர்போர்ட்களில் அந்தத் தொடக்கச் சில்லையே அழித்தது. அப்படிப்பட்ட கணினி சத்தமும் போடாது, எழுதியும் காட்டாது. தென்கொரியா, துருக்கி போன்ற நாடுகள் பெரிதும் அடிபட்டன.

நம் ஊர்களில் நடந்தது வேறு. “என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்” என்ற வரி எக்ஸ்பி காலத்தில் வீட்டுக்கு வீடு தெரியும். பிளொப்பியோ பென்டிரைவோ கழற்றாமல் விட்டிருந்தாலும் அது வரும். கழற்றிவிட்டு மீண்டும் போட்டால் போதும். ஆனால் கடைக்குக் கொண்டுபோனால் பதில் ஒன்றுதான்: “போர்மட் பண்ணணும்.” மாரி காலத்தில் கிட்டங்கியில் வெள்ளம் ஏறி, கல்முனைக்குப் போக வழியில்லாமல் கிடந்து, வடிந்த பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டார்கள். எக்ஸ்பியில் நாம் சேமிப்பவை வழமையாகப் போய்ச் சேரும் “மை டொகியுமென்ட்ஸ்” இருப்பது சீ டிரைவில். போர்மட் பண்ணுவதும் அதே சீ டிரைவைத்தான். கணினி பிழைத்தது, படங்கள் போயின. கடைக்காரரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. சத்தத்தின் அர்த்தத்தை அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆகவே லொறிக்குக் கொடுக்க முன்னர் இதைச் செய்து பாருங்கள். கரண்ட் வயரைக் கழற்றிவிட்டுப் பக்க மூடியைத் திறவுங்கள். மின்சாரம் வரும் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். கழற்றி வைத்த பிறகும் அதற்குள் ஆபத்தான மின் இருக்கும். றாமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் இறப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளை ஊதிவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள். பீப் சத்தத்தோடு நின்ற கணினிகளில் பல இதற்கே எழும்பும். பெட்டரியை மாற்றுங்கள். மதர்போர்டில் நிற்கும் சிறு உருளைகளின் தலை வீங்கியிருந்தால் அந்தப் போர்ட் சரிவராது. 2000களின் தொடக்கத்தில் வந்த கெபாசிட்டர்கள் பல அப்படிக் கெட்டவை.

போர்ட் போனாலும் வன்தட்டு தனி. அதைக் கழற்றி, யூஎஸ்பியில் பூட்டும் வயர் மூலம் இன்றைய மடிக்கணினியில் வாசிக்கலாம். பழைய தட்டு என்றால் அகலமான நாடா வயர் பூட்டும் வகையாக இருக்கும், அதற்குரிய வயர் என்று கேட்டு வாங்குங்கள். “போர்மட் செய்யவா?” என்று மடிக்கணினி கேட்டால் வேண்டாம் என்று கொடுங்கள். பாமினியில் உள்ளவை குப்பை எழுத்தாகத் தெரிந்தால் பயம் வேண்டாம், யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நாவிதன்வெளி, மத்திய முகாம் பக்கம் யாரிடமாவது இப்படி ஒரு பெட்டி இருந்தால் சனிக்கிழமை பின்னேரம் கொண்டு வாருங்கள். வயர் என்னிடம் இருக்கிறது. பள்ளிவாசல் பழைய பதிவுகள் உள்ள கணினி என்றால் முதலில் அதைப் பார்ப்போம்.