காற்றுக்கு ஆர் காசு கட்டுறது?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து போன கிழமை, ரொறன்ரோவில் இருக்கிற மாமி ஒராள் வட்ஸ்அப்பில் எடுத்தா. எல்லாரும் சுகமோ, வெள்ளம் வீட்டுக்குள்ளை வந்ததோ என்று விசாரிச்சுவிட்டு, வைக்கப் போகேக்கை ஒரு கேள்வி கேட்டா: "வீட்டுக்கு இன்சூரன்ஸ் கிடக்குத்தானே பிள்ளையள்?"

எங்களில் ஆருக்கும் பதில் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டால் "மோட்டார் சைக்கிளுக்குக் கட்டினதுதானே" என்கிறா. தொண்டைமானாற்றில் எங்களுக்குத் தெரிஞ்ச வீடுகளில் விசாரிச்சுப் பார்த்தோம். வீட்டுக்குக் காப்புறுதி இருந்தது இரண்டே இரண்டு பேரிடம். இரண்டும் வங்கிக் கடனுக்காக வங்கி எடுக்கச் சொன்னது. ஒராளுக்குக் கடன் போன வருசம் முடிஞ்சுது, கடனோடை காப்புறுதியும் முடிஞ்சுது. மற்றவருக்குத் தன்ரை பத்திரத்தில் என்ன எழுதியிருக்கு என்றே தெரியாது.

டித்வா இந்த முறை பெரிய அடி அடித்தது மலையகத்துக்கு. நாடு முழுக்க அறுநூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எங்கட பக்கம் மழையோடும் காற்றோடும் தப்பினோம். (அந்தப் பெயரை யேமன் குடுத்தது. சொகொத்ரா தீவில் உள்ள ஒரு கடல்நீரேரியின் பெயராம். கடல்நீரேரிக் கரையில் இருக்கிற எங்களுக்கு அது ஒரு மாதிரித்தான் இருந்தது.) ஆனால் மாமியின் கேள்வி மண்டையை விட்டுப் போகவில்லை. மாமி போல ஆக்களுக்கு அது கரண்ட் பில் மாதிரி ஒரு சாதாரண விசயம். இங்கை ஏன் அப்படி இல்லை? சோம்பலா, அறியாமையா, காசில்லாமையா? தேடத் தேட, இது இவை மூன்றையும் விடப் பழைய கதையாக இருந்தது.

தொடங்க ஒரு கப்பல் இருக்கு. எங்களுக்குக் கிழக்கே பக்கத்து ஊரான வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டின பாய்க்கப்பல் 'அன்னபூரணி'. வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகளே ஓட்டிக்கொண்டு போய், சுயஸ், ஜிப்ரால்ரர், பேர்முடா எல்லாம் தாண்டி 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி மசாசூசெற்சில் உள்ள குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். வடமராட்சியில் இந்தக் கதை தெரியாத ஆள் இல்லை. அதன் பின்குறிப்பைத்தான் நாங்கள் சொல்லுவதில்லை. கப்பல் போய்ச் சேர்ந்து ஏழு கிழமை கழிச்சு, செப்ரெம்பர் 21ஆம் திகதி, அந்தக் கரைப் பகுதியை, நியூ இங்கிலாந்தை, அதன் வரலாற்றிலேயே மோசமான சூறாவளி ஒன்று அடித்தது. அறுநூறு பேரளவில் செத்தார்கள்.

அப்ப அங்கை வீடுகளுக்கு நெருப்புக் காப்புறுதி பரவலாக இருந்தது. காற்றுக்கு எடுத்து வைத்தவர்கள் மிகக் குறைவு. சூறாவளி என்றால் தெற்கே புளோரிடா பக்கத்து ஆக்களின் பிரச்சினை என்று நினைச்சிருந்தார்கள். அந்த அடிக்குப் பிறகுதான் நெருப்புப் பத்திரத்தோடை காற்றையும் சேர்த்து எழுதுகிற பழக்கம் அந்தப் பக்கம் பரவினது. 1950களில் நெருப்பு, காற்று, களவு எல்லாவற்றுக்கும் ஒரே பத்திரம் வந்தது. வீட்டுக் கடன் குடுக்கிறவர் அந்தப் பத்திரம் இல்லாமல் கடன் தரமாட்டார் என்றானது. ஆக, வல்வெட்டித்துறைக் கப்பல் கரைதட்டின அந்த வருசம், காற்றில் போகிற வீட்டுக்கு ஆர் பொறுப்பு என்ற கேள்வியில் அவர்கள் ஒரு பக்கம் திரும்பினார்கள்.

அதே காலத்தில் இங்கை?

இங்கை பெரும்பாலான வீடு மண்சுவரும் ஓலைக் கூரையும். கிடுகாலோ பனையோலையாலோ வேய்ந்தது. மாரி தொடங்க முதல் வேய வேணும். ஓலை வாங்க, கயிறு வாங்க, வேயிற ஆக்களுக்குச் சாப்பாடு குடுக்க என்று செலவு இருந்தது. யோசிச்சால் அதுவும் ஒரு காப்புறுதிக் கட்டணம்தான். வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, காற்றடிச்சுக் கூரை போனால் அடுத்த கிழமை ஊர் கூடித் திருப்பி வேய்கிறது. இழக்கிறதுக்கு மலிவான வீடு அது.

இதை நாங்கள் அழகான பழைய காலம் என்று சொல்ல வரவில்லை. ஓலை வீடு நெருப்புக்கு ஒரு நிமிசம் தாங்காது. கல்வீடு கட்டுறதுக்குக் காசு மட்டும் போதாது, ஆர் எப்படி வீடு கட்டலாம் என்பதில் சாதியும் கை வைத்திருந்தது. மலிவான வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் விரும்பி இருந்தவர்கள் இல்லை. நாங்கள் சொல்ல வருவது கணக்கை மட்டும்: காற்று ஒரு இரவில் எடுத்துக்கொண்டு போகக்கூடிய தொகை அப்ப சின்னது.

சுதந்திரத்துக்குப் பிறகு காப்புறுதி அரசின் கைக்கு வந்தது. இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் 1962இல் ஆயுள் காப்புறுதியையும், 1964இல் மற்றக் காப்புறுதிகளையும் ஏகபோகமாக எடுத்துக்கொண்டது. அதே 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு, வவுனியா, மன்னார் வழியாகப் போன சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. எங்கட பாட்டன்மார் 'அறுபத்திநாலு' என்று சொன்னால் அது இந்தக் காற்றுத்தான். ஆனால் அவையள் சொல்லுற கதைகளில் வள்ளம் வரும், வலை வரும், விழுந்த பனை வரும். நட்டஈடு என்ற சொல் வராது. காப்புறுதி இருந்தது கடை, களஞ்சியம், லொறி வைத்திருந்தவர்களிடம். குடியிருக்கிற வீட்டை அதுக்குள்ளை ஆரும் சேர்க்கவில்லை.

பிறகு போர். இந்தப் பகுதியைப் பற்றி நாங்கள் விரிவாக எழுதத் தேவையில்லை, எல்லாருக்கும் வீட்டுக்கு ஒரு கதை இருக்கு. 1987 மே மாதம் வடமராட்சியில் ராணுவ நடவடிக்கை தொடங்கினபோது விழுந்த வீடுகளுக்குக் காப்புறுதி இருந்திருந்தாலும் ஒன்றும் கிடைத்திருக்காது. வழமையான பத்திரம் எதிலும் போர் விலக்குத்தான். காப்புறுதி பற்றிய எங்கட பொதுப்புத்தி அங்கைதான் உருவானது என்று நினைக்கிறோம். வீட்டை அழிக்கிறது காற்றை விடப் பெரிய ஒன்று, அதுக்குக் கம்பனி காசு தராது. பிறகேன் கட்டுவான்? நகை வாங்கி வை, சீட்டுக் கட்டு, ஒரு பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பு. மூன்றுமே கையோடை கொண்டு ஓடக்கூடிய, அல்லது ஏற்கெனவே ஓடிவிட்ட சொத்து.

2004 சுனாமிக்கும் 2009க்கும் பிறகு வீடு மாறினது. கடற்கரையோரம் கல்லும் சீமெந்தும் வந்தது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாய் குடுத்தார்கள். அது காணாமல் நகையை அடகு வைத்து, வெளியிலை கேட்டு வாங்கி, கட்டி முடிச்ச ஆக்கள் எத்தனையோ பேர். எங்கட சனத்தின் சேமிப்பு முதல் தடவையாக, கொண்டு ஓட முடியாத ஒன்றுக்குள்ளை மொத்தமாகப் போனது. சுவர் பலம்தான். பலதுக்குக் கூரை சீற்.

இப்ப புளோரிடாவுக்குப் போய் வரவேணும். காரணம் இருக்கு, பொறுங்கோ.

1992 ஓகஸ்ட் 24ஆம் திகதி அன்ட்ரூ சூறாவளி தெற்குப் புளோரிடாவை அடித்தபோது பத்துக்கும் மேற்பட்ட காப்புறுதிக் கம்பனிகள் முறிந்துபோயின. மிஞ்சினவை கரையோர வீடுகளை விட்டு விலகப் பார்த்தன, விலகாதவை விலையை ஏற்றின. சூறாவளிச் சேதத்தில் வீட்டின் பெறுமதியில் இத்தனை வீதத்தை முதலில் நீயே தாங்கு என்ற நிபந்தனை வந்தது. தனியார் எடுக்காத வீடுகளுக்காக மாநிலம் 2002இல் 'சிற்றிசன்ஸ்' என்ற நிறுவனத்தை உருவாக்கினது. 2022இல் ஈயன் புயல் அடித்த காலத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பத்திரங்கள் அதன் கையில். அங்கை வீட்டுக் கடனை விடக் காப்புறுதி விலைக்குப் பயந்து கரையை விட்டு வெளிக்கிடுகிற ஆக்கள் இருக்கினம்.

அது அவர்கள் பாடு என்று விட ஏலாது. காப்புறுதிக் கம்பனியும் தனக்கு ஒரு காப்புறுதி எடுக்கும். அதுக்குப் பெயர் மீள்காப்புறுதி. அந்தச் சந்தை ஒரு சில நகரங்களில்தான் இருக்கு. லண்டன், சூரிச், அன்ட்ரூவுக்குப் பிறகு முளைச்ச கம்பனிகள் இருக்கிற பேர்முடா. ஓம், அன்னபூரணி தாண்டிப்போன அதே பேர்முடா. புளோரிடாவில் பெரிய அடி விழுந்தால் அந்தச் சந்தை உலகம் முழுக்க விலையை ஏற்றும். தொண்டைமானாற்றில் ஒரு ஓடும் கழராவிட்டாலும் கொழும்புக் கம்பனி வாங்குகிற விலை கூடும்.

எங்கட அரசு இந்தச் சந்தைக்கு ஒருக்கால் போனது. 2016 ஏப்ரல் 1ஆம் திகதி, தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நாட்டில் உள்ள எல்லா வீடுகளுக்குமாக ஒரு இயற்கை அனர்த்தக் காப்புறுதியைத் தொடங்கினது. நாங்கள் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. புயல், வெள்ளம், மண்சரிவு, சுனாமி என்று எதில் போனாலும் ஒரு வீட்டுக்கு 25 இலட்சம் வரைக்கும். அரசு அதுக்கு 30 கோடி ரூபாய் கட்டணம் கட்டி 1,000 கோடிக்குப் பாதுகாப்பு வாங்கினது. இந்தத் திட்டம் இருந்தது என்றே எங்களில் பலருக்கு இப்பதான் தெரியும்.

நல்ல யோசனைதான். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கோ. அப்ப நாட்டில் ஏறத்தாழ 52 இலட்சம் குடும்பம். 30 கோடியைப் பிரிச்சால் ஒரு வீட்டுக்கு வருசத்துக்கு அறுபது ரூபாயும் இல்லை, ஒரு பிளேன்ரீயும் வடையும். சரி, 1,000 கோடியை 25 இலட்சத்தால் பிரிச்சால்? நாலாயிரம் வீடு. முழுசாக அழிஞ்ச நாலாயிரம் வீட்டோடை காசு முடிஞ்சுது. 1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்த சூறாவளியில் சேதமான வீடுகள் கிட்டத்தட்ட இரண்டரை இலட்சம். எல்லாம் முழுச் சேதம் இல்லைத்தான். பத்தில் ஒன்று என்று வைச்சாலும் இருபத்தையாயிரம்.

திட்டம் தொடங்கி ஆறு கிழமையில் றோவானு வந்தது. கொழும்பு தாண்டு போனது, அரநாயக்கவில் மலை சரிந்தது. 2017 மே மாதம் திரும்பவும் தெற்கில் வெள்ளம், இருநூறுக்கும் மேற்பட்ட சாவு. அடுத்தடுத்து இரண்டு வருசம் நட்டஈடு கேட்ட ஆளுக்கு எந்தக் கம்பனி பழைய விலைக்குத் தரும்? கட்டணம் ஏறினது. புளோரிடாக் காரனுக்கு நடந்ததுதான். ஒரு வித்தியாசம், அங்கை விலை ஏறினால் வீட்டுக்காரருக்குக் கடிதம் வரும், அவர் சத்தம் போடுவார், தேர்தலில் கேட்பார். இங்கை விலை ஏறினது எங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் வாங்கினதே எங்களுக்குத் தெரியாது.

பிறகு வந்தது 2022. 2021இல் ஆயிரத்துச் சொச்சமாக இருந்த ஒரு பாக் சீமெந்து மூவாயிரத்தை எட்டினது. வீட்டைத் திருப்பிக் கட்டுகிற செலவு ஏறினால் காப்புறுதியும் ஏற வேணும், இல்லாட்டி பத்திரம் வெறும் கடதாசி. இதில் ஒரு கண்ணி இருக்கு, காப்புறுதி வைத்திருக்கிற அந்த இரண்டாவது அண்ணைக்கு நாங்கள் போய் விளங்கப்படுத்தினோம். ஒரு கோடிக்குக் கட்டவேண்டிய வீட்டை ஐம்பது இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், கூரை போய்ப் பத்து இலட்சம் நட்டம் வரும்போது கம்பனி முழுசாகத் தராது. நீ பாதிக்குத்தானே காட்டினாய் என்று ஐந்து இலட்சம்தான் தரும். அவற்றை பத்திரம் 2018ஆம் ஆண்டு விலையில் எழுதினது. அண்ணை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப நான் இவ்வளவு காலமும் கட்டினது?" என்று கேட்டார். வங்கிக்குத்தான் அண்ணை, உங்களுக்கில்லை என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அந்த 25 இலட்சம் திட்டத்தில் எங்களுக்கு ஒரு கோவம் இருக்கு. திட்டம் போட்டதுக்கில்லை. 30 கோடி கட்டினதுக்குப் பதிலாக மூன்று மடங்கு கட்டியிருந்தாலும் ஒரு குடும்பத்துக்கு 180 ரூபாய்தான் வந்திருக்கும். கேட்டிருந்தால் எங்கட ஒழுங்கையில் எல்லாரும் குடுத்திருப்பினம். ஆரும் கேட்கவில்லை. காற்று அடிச்சால் கிராம சேவையாளர் வருவார், பதிவார், பிரதேச செயலகத்துக்கு அனுப்புவார், உலருணவு வரும். மிச்சத்துக்கு ரொறன்ரோ மாமி. உண்மையில் இந்தக் கரையின் மீள்காப்புறுதிக் கம்பனி அவதான். அவவின் வீட்டுக்குக் கட்டணம் ஏறுற வருசமும் இங்கை வெள்ளம் வாற வருசமும் ஒன்றாக வந்தால் என்ன செய்வா என்று நாங்கள் இதுவரைக்கும் யோசிச்சதில்லை.

ஐப்பசி பிறந்தால் பக்கத்து வளவு ஐயா சீற்றுக்கு மேலை மண்மூட்டை ஏற்றி அடுக்குவார். பாலத்துத் தடுப்பணைக் கதவு எப்ப திறக்கிறாங்கள், சந்நிதிப் பக்கம் தண்ணி எவ்வளவு என்று போன் எடுத்து விசாரிப்பார். அவற்றை கட்டணம் அது.

எங்களில் ஒராள் கொழும்புக் கம்பனி ஒன்றின் விண்ணப்பத்தைப் பதிவிறக்கி நிரப்பிப் பார்த்தார். சுவர் என்ன, கூரை என்ன, முன்னர் வெள்ளம் வந்ததா, கடலில் இருந்து எத்தனை மீற்றர். போனில் அளந்தோம், முந்நூறும் வரவில்லை. கூரை: சீற். அனுப்பி இரண்டு கிழமையாகுது. விலை வந்தால் இங்கையே போடுறோம்.