காயம் ஆறுவதில் நோயெதிர்ப்பு ஏற்பிகளும் அழற்சியும்

நோயெதிர்ப்பு ஏற்பிகள் என்பவை உடலில் காயம் பட்டதையும் கிருமி நுழைந்ததையும் உணர்ந்து, சீரமைப்பைத் தொடங்கிவைக்கும் புரதங்கள். அவை உண்டாக்கும் முதல் விளைவு அழற்சி. சிவத்தல், சூடு, வீக்கம், வலி ஆகியவை அதன் அறிகுறிகள். காயம் ஆறுவதற்கு அழற்சி உரிய வேளையில் தொடங்கவும் வேண்டும், உரிய வேளையில் அடங்கவும் வேண்டும்.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் பெரும்பாலோர் உழவும் தோட்ட வேலையும் செய்பவர்கள். நெல் அறுப்பில் கருக்கருவாள் வெட்டு, பன்னீர் திராட்சைக் கொடியைக் கவாத்து செய்கையில் விரலில் கீறல், மலைமேல் ஏலத்தோட்டத்தில் அட்டைக்கடி எனச் சிறு காயங்கள் இங்கு அன்றாடம் நேர்பவை.

குருதி உறைதல்

வெட்டுப்பட்ட சில நிமிடங்களில் தட்டணுக்களும் ஃபைப்ரின் இழைகளும் சேர்ந்து குருதியை உறையவைக்கின்றன. அட்டையின் உமிழ்நீர் இந்த முதற்கட்டத்தையே தடுக்கிறது. அதனால்தான் அட்டை உதிர்ந்த பிறகும் கடிவாயில் ரத்தம் நெடுநேரம் கசிகிறது. தட்டணுக்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் வெள்ளணுக்களைக் காயத்துக்கு வரவழைக்கின்றன.

சேதத்தை உணரும் ஏற்பிகள்

சேதத்தை உணரும் ஏற்பிகளுள் நன்கு ஆராயப்பட்டவை டோல் வகை ஏற்பிகள். பூஞ்சைத் தொற்றை எதிர்க்கப் பழ ஈக்கு டோல் மரபணு தேவை என்பதை ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் 1996-இல் காட்டினர். பாக்டீரிய நச்சான லிப்போபாலிசாக்கரைடைப் பாலூட்டிகள் உணர்வது டோல் வகை ஏற்பி-4 வழியாக என்று புரூஸ் பாய்ட்லர் குழுவினர் 1998-இல் கண்டறிந்தனர். 2011-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது.

மனிதரிடம் இவ்வகை ஏற்பிகள் 10 உள்ளன. வயல்சேற்றுடன் புகும் பாக்டீரியாக்களின் சுவர்ப்பொருளை ஏற்பி-2, ஏற்பி-4 ஆகியவை உணர்கின்றன. கிருமியே இல்லாத காயத்திலும் ஏற்பிகள் விழிப்படைகின்றன. சிதைந்த உயிரணுவிலிருந்து சிந்தும் ஏடிபி, ஆர்என்ஏ, சில உட்கருப் புரதங்கள் ஆகியவை ஆபத்துக் குறிகளாகின்றன. குறி கிடைத்ததும் உயிரணுவுக்குள் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் தூண்டப்பட்டு, அழற்சியை வளர்க்கும் சைட்டோகைன் என்ற குறிப்புப் புரதங்கள் சுரக்கின்றன.

அழற்சியின் போக்கு

சில மணி நேரத்தில் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்கள் வந்து கிருமிகளை விழுங்குகின்றன. ஓரிரு நாளில் மேக்ரோபேஜ்கள் என்ற விழுங்கணுக்கள் பெருகுகின்றன. தொடக்கத்தில் அழற்சியைத் தூண்டும் இவை, மடிந்த நியூட்ரோபில்களை விழுங்கியபின் இயல்பு மாறி, அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூகின்-10, திசுவை வளர்க்கும் டிஜிஎஃப்-பீட்டா போன்றவற்றைச் சுரக்கின்றன. இந்த மாற்றமே காயம் ஆறுவதில் திருப்புமுனை. புதிய நுண்குழாய்கள் அரும்பி, கொலாஜன் படிந்து, மேல்தோல் மூடுகிறது. தழும்பு உறுதிபெற மாதங்கள் ஆகும். பழைய தோலின் முழு வலிமை அதற்குத் திரும்புவதில்லை.

ஆறாத புண்கள்

நீரிழிவில் இந்தத் திருப்புமுனை தாமதமாகிறது. மேக்ரோபேஜ்கள் அழற்சி நிலையிலேயே தங்கிவிடுகின்றன. அவற்றின் நொதிகள் புதிதாகப் படியும் கொலாஜனையும் அரிக்கின்றன. நரம்பு பாதிக்கப்பட்ட பாதத்தில் வலி தெரியாததால், வெறுங்காலுடன் வரப்பில் நடப்பவர் முள் தைத்ததைக்கூட அறிவதில்லை. ஒவ்வொரு அடியும் திசுவை மீண்டும் சிதைக்க, ஆபத்துக் குறிகள் ஓயாமல் எழுகின்றன.

இத்தகைய புண்ணை ஆற்றுவதற்கான பாடம் தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதப்புண்ணுக்கு உணர்விழந்த பாதத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே முக்கியக் காரணம் என்று காட்டினார். மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தை விலக்கியதும் புண்கள் ஆறின. நீரிழிவுப் பாதப்புண்ணுக்கும் இம்முறை இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது.

பராமரிப்பு

காயத்தைத் தூய நீரால் கழுவி மண்ணை அகற்றினால் ஏற்பிகளைத் தூண்டும் பொருள்கள் குறைகின்றன. கிராமங்களில் வெட்டுக்காயப்பூண்டின் சாற்றைப் பிழிவதும் மஞ்சள் பூசுவதும் வழக்கம். மஞ்சளின் குர்குமின் என்எஃப்-கப்பா-பி புரதத்தை அடக்குவது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்துள்ளது. ஆனால் மண் கலந்த பச்சிலையோ சாணமோ காயத்தில் பட்டால் இரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமி புகக்கூடும். ஆகவே தடுப்பூசி இன்றியமையாதது. நீரிழிவு உள்ளவர்கள் நாள்தோறும் உள்ளங்காலைப் பார்ப்பதும், செருப்பணிந்து வேலை செய்வதும், சிறு புண்ணுக்கும் தாமதமின்றி மருத்துவரிடம் செல்வதும் காலையே காக்கும்.